பழைய மர இழைப்புளியும் உளிகளும்: எதை மட்டம் செய்வது, எதை அப்படியே விடுவது?

காரைக்குடிவாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பரணில் இருந்த பெட்டியில் தாத்தா காலத்துத் தச்சுக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றரை அடி நீளமுள்ள மர இழைப்புளி ஒன்று, கைக்கடக்கமான சிறிய இழைப்புளி ஒன்று, சில உளிகள், ஒரு வாய்ச்சி, மரக்கைப்பிடி போட்ட மூலைமட்டம், நடுவில் நன்றாகக் குழிந்துபோன சாணைக்கல் ஆகியவை அதில் உள்ளன. பெரிய இழைப்புளியின் அடியில் இரும்பு அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால், தகட்டின் முனை வெளிவரும் வாய்க்கு முன்னால் கீற்றாக ஒளி தெரிகிறது. தகட்டில் துரு ஏறியிருக்கிறது. துருவைத் துடைத்தபோது "ஷெஃபீல்டு", "காஸ்ட் ஸ்டீல்" என்ற முத்திரைகள் தென்பட்டன.

பழைய கதவிலிருந்து கழற்றிய பர்மாத் தேக்குப் பலகைகள் சில இருக்கின்றன. அவற்றை இந்தக் கருவிகளாலேயே இழைத்து ஓர் அலமாரி செய்ய விரும்புகிறேன். அடிப்பரப்பை மட்டம் செய்வதா, தகட்டைத் தீட்டுவதா, எதை முதலில் தொடங்க வேண்டும்? சாணைக்கல்லை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது நல்லதா?

பட்டறைப்பையன்

வணக்கம் ஐயா. இதற்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பக்கத்தில் உள்ள மர அறுவைப் பட்டறையில் இழைப்பு எந்திரம் இருக்கும். தகட்டைக் கழற்றிவிட்டுக் கட்டையை அதில் ஒருமுறை ஓட்டினால் அடி மட்டமாகிவிடும். தகட்டையும் உளிகளையும் கிரைண்டரில் பிடித்துச் சரிவை ஒழுங்குசெய்து, கடைசியில் வாட்டர் பேப்பரில் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். அரை நாளில் எல்லாம் முடிந்துவிடும். குழிந்த கல்லுக்குப் பதிலாகக் கண்ணாடிப் பலகையின்மேல் 220, 400, 1000, 2000 எண் தாள்களை ஒட்டிக்கொண்டால் கல்லே தேவைப்படாது.

நாகர்கோவில் தச்சன்

தம்பி சொன்ன கண்ணாடியும் தாளும் நல்ல வழிதான். அதைப் பற்றிப் பிறகு பேசலாம். கட்டையை எந்திரத்தில் ஓட்டும் யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள், ஐயா.

மர இழைப்புளியின் வாய் கீழே குறுகியும் மேலே போகப்போக விரிந்தும் இருக்கும். ஆகவே அடியிலிருந்து எவ்வளவு மரம் போகிறதோ அதற்கேற்ப வாய் அகன்றுகொண்டே வரும். எந்திரம் ஒரு ஓட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் எடுத்துவிட்டால், தாத்தா பல ஆண்டுகளில் தேய்த்திருக்கக்கூடிய அளவை நீங்கள் ஒரு நிமிடத்தில் தேய்த்துவிடுகிறீர்கள். வாய் அகன்ற இழைப்புளி பொதுமட்டம் எடுக்க உதவும். தேக்கில் மர இழை எதிர்ப்போக்காக வரும் இடத்தில் அது செதிலைப் பெயர்த்துவிடும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரிவதில்லை. தகட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பையும் கழற்றிய கட்டையின் அடியும், ஆப்பு இறுக்கிய கட்டையின் அடியும் ஒன்றல்ல. ஆப்பு இறுகும்போது அதன் அழுத்தம் வாய்ப் பகுதியில் மரத்தைச் சற்றே புடைக்கச் செய்கிறது. வேலையின்போது உள்ள இறுக்கத்தில்தான் அடி மட்டமாக இருக்க வேண்டும். ஆகவே தகட்டை அரை அங்குலம் உள்ளே இழுத்து வைத்து, ஆப்பை வழக்கம்போல் தட்டி இறுக்கிய பிறகுதான் அடியைச் சோதிக்க வேண்டும், தேய்க்கவும் வேண்டும்.

அடி முழுவதும் கண்ணாடி போல் மட்டமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முன்நுனி, வாய்க்கு முன்னால் உள்ள விளிம்பு, பின்நுனி ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் மரத்தைத் தொட வேண்டும். இடையில் சிறு பள்ளம் இருந்தால் கெடுதல் இல்லை. ஜப்பானியத் தச்சர்கள் தங்கள் இழைப்புளியில் இந்த இடைப்பகுதியை வேண்டுமென்றே சுரண்டிப் பள்ளமாக்குகிறார்கள். உங்களுடைய கட்டையில் ஒளி தெரிவது வாய்க்கு முன்னால் என்கிறீர்கள். இருக்கக் கூடாத பள்ளம் அதுதான். மரத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டிய விளிம்பு அமுக்காமல் நிற்கிறது என்று பொருள்.

அதைச் சரிசெய்ய, உப்புத்தாளின்மேல் கட்டையை முன்னும் பின்னும் தேய்ப்பதை நான் விரும்புவதில்லை. தள்ளும்போது முன்நுனியும் இழுக்கும்போது பின்நுனியும் கூடுதலாகத் தேய்ந்து, அடி படகுபோல வளைந்துவிடும். நன்றாகத் தீட்டிய வேறோர் இழைப்புளியை மிக மெல்லிய சீவலுக்கு வைத்து, உயர்ந்த இடங்களை மட்டும் எடுங்கள். அது இல்லாவிட்டால் உளியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டலாம். இரண்டு ஓரத்திலும் குறுக்கேயும் ரூல்தடி வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலையும் பார்க்க வேண்டும், ஏனெனில் நீள மட்டம் சரியாக இருந்தும் கட்டையில் முறுக்கு இருக்கலாம். முறுக்கைக் காண, நேரான ஒரே அகலமுள்ள இரண்டு குச்சிகளை முன்நுனியிலும் பின்நுனியிலும் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல்விளிம்பின் வழியாக மற்றொன்றின் மேல்விளிம்பைப் பார்த்தால் போதும். நூலளவு சாய்வும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எஃகுப்பித்தன்

கட்டையைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். தகட்டைப் பற்றி நான் சேர்க்கிறேன்.

முத்திரையில் உள்ள "காஸ்ட் ஸ்டீல்" என்பதை வார்ப்பிரும்பு என்று நினைத்துக் குறைவாக மதிப்பிட வேண்டாம். 1740களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் மூசை எனும் மண்கலத்தில் எஃகை முழுவதும் உருக்கி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அம்முறையில் செய்த எஃகுக்கு இடும் முத்திரை அது. பழைய தகடுகள் பலவற்றில் முழுத்தகடும் எஃகு அல்ல. மென்மையான இரும்பின்மேல், வெட்டுமுனைப் பக்கம் மட்டும் எஃகுத் தகட்டைக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். சரிவை வழவழப்பாகத் தீட்டிய பிறகு உற்றுப் பார்த்தால், சாம்பல் நிற இரும்புக்கும் பளிச்சென்ற எஃகுக்கும் நடுவே மெல்லிய கோடு தெரியும். எஃகுப் பக்கம் எப்போதும் சரிவில்லாத பின்முகத்தில்தான் இருக்கும். அந்தக் கோடு தெரிந்தால் உங்களிடம் இருப்பது நல்ல பொருள்.

இத்தகைய எஃகைக் கிரைண்டரில் பிடிப்பதில்தான் எனக்குத் தயக்கம். சாதாரண ஆறு அங்குலச் சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,800 சுற்றுச் சுற்றுகிறது. விளிம்பின் வேகம் நொடிக்கு இருபது மீட்டரைத் தாண்டுகிறது. அந்த உரசலில் தகட்டின் முனை சில நொடிகளில் 300 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். கொல்லர் தோய்ச்சல் போட்டபின் வைக்கோல் நிறம் வரும்வரை, அதாவது 200 முதல் 230 டிகிரி வரை மட்டுமே சூடுகாட்டி வைத்த கடினம் அப்போது போய்விடுகிறது. முனையில் நீல நிறம் படர்ந்தால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். அதைத் தண்ணீரில் முக்கினாலும் கடினம் திரும்பி வராது. நீலம் போகும் வரை தேய்த்துக் குறைப்பது ஒன்றே வழி.

தெருவில் வரும் சாணை பிடிப்பவரின் மிதிச்சக்கரம் இந்த விஷயத்தில் மேல். வேகம் குறைவு, சூடும் குறைவு. ஆனால் அவர் கைக்கு வருவதில் பெரும்பகுதி அரிவாளும் அரிவாள்மனையும் கத்தரிக்கோலும்தான். இழைப்புளித் தகட்டின் பின்முகத்தைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நல்லெண்ணத்தோடு இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்துவிடுவார்.

காரைக்குடிவாசி

மிக்க நன்றி. துருவை எடுக்கப் புளிக்கரைசலில் ஊறவைக்கலாமா? உளிகளில் இரண்டுக்குப் பின்முகத்தில் சிறு குழிகள் இருக்கின்றன.

எஃகுப்பித்தன்

வைக்கலாம். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் அதே அமிலத்தன்மை துருவையும் கரைக்கும். ஆனால் எஃகு பித்தளையைப் போல் பொறுமையாக இருக்காது. மணிக்கணக்கில் மறந்துவிட்டால் நல்ல உலோகத்தையும் அரிக்கும். அவ்வப்போது எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். முடிந்தவுடன் சோடா மாவு கரைத்த நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். கட்டைக்குள் இருக்கும் ஆப்பையோ மூலைமட்டத்தின் மரத்தையோ அந்த நீரில் நனைக்க வேண்டாம்.

பின்முகத்தில் உள்ள குழி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. வெட்டுமுனையிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். முனையைத் தொட்டுக்கொண்டிருந்தால், எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் பல் விழுந்தாற்போல ஒரு வெட்டு இருந்துகொண்டே இருக்கும்.

மதுரைக் கைவினைஞர்

இந்த இழையில் எல்லோரும் பின்முகம், மட்டம் என்று பேசுவதைப் பார்க்கும்போது ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் அப்பா கடைசிவரை குழிந்த காரபோரண்டம் கல்லில்தான் தீட்டினார். தண்ணீர் தெளித்து, முழங்காலுக்குக் கீழே கல்லை வைத்து, நான்கு தேய்ப்பு, பிறகு உள்ளங்கையில் இரண்டு இழுப்பு. அவர் செய்த நிலைகளும் கதவுகளும் இன்றும் தொங்காமல் நிற்கின்றன. கல் மட்டமாக இல்லாவிட்டால் வேலையே ஓடாது என்பது புத்தகம் படித்துக் கருவி வாங்குகிறவர்களின் கவலையாக எனக்குப் படுகிறது.

நாகர்கோவில் தச்சன்

அண்ணன் சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை. என் ஆசானின் கல்லும் குழிந்ததுதான். அதில் ஏன் வேலை நடந்தது என்பதைப் பார்த்தால் இருவர் சொல்வதும் பொருந்திவரும்.

குழிந்த கல்லில் அகலமான தகட்டின் சரிவைத் தேய்த்தால், தகட்டின் இரண்டு மூலைகளும் நடுப்பகுதியைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேய்ந்து, வெட்டுமுனை மிக மெல்லிய வில்லாக வளையும். பொதுமட்டம் எடுக்கும் பெரிய இழைப்புளிக்கு அந்த வளைவு தேவையானதே. நேரான முனையோடு தடித்த சீவல் எடுத்தால் தகட்டின் மூலைகள் மரத்தில் வரிவரியாகக் கோடு போடும். வளைந்த முனை அப்படிப் போடாது. ஆக, குழிந்த கல் அப்பாவுக்கு வேண்டிய வடிவத்தைத் தானாகவே கொடுத்துவந்தது. வாய்ச்சிக்கும் அதுவே போதும். வாய்ச்சியின் வேலை செதுக்கி உருவம் கொண்டுவருவது. ஏர், வண்டி, படகு என்று அது ஓடிய வேலைகளில் பரப்பை மட்டம் செய்யும் பொறுப்பு அடுத்து வரும் இழைப்புளிக்கு.

ஆனால் அதே கல்லில் உளியின் பின்முகத்தைப் படுக்கவைத்துத் தேய்த்தால் வில்லங்கம் தொடங்கிவிடும். குழியின் ஓரம் ஏறும்போது பின்முகத்தின் முனை கீழ்நோக்கி உருண்டுவிடும். பிறகு துளை எடுக்கும்போது உளியைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்தால் முனை மரத்தைத் தொடாது. தொடவைக்க உளியைத் தூக்கினால் துளை சரிந்துபோகும். பொளி எடுப்பவருக்கு அந்தப் பின்முகம்தான் ரூல்தடி. அப்பா பின்முகத்தைக் கல்லில் வைத்தே இருக்கமாட்டார், தீட்டியபின் முனையில் நிற்கும் பிசிறை உள்ளங்கையிலும் தோலிலும்தான் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சுருங்கச் சொன்னால், சரிவுக்குக் குழிந்த கல்லை விட்டுவையுங்கள். பின்முகத்திற்கு மட்டும் தம்பி சொன்ன கண்ணாடியும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி குறைந்தது எட்டு மில்லிமீட்டர் தடிமனில் இருக்கட்டும். முனையிலிருந்து ஒன்று இரண்டு அங்குலம் வரை ஒரே சீராகப் பளபளத்தால் போதும், முழு நீளமும் தேவையில்லை.

மதுரைக் கைவினைஞர்

உண்மைதான். பிசிறை அவர் தோல்செருப்பின் அடியில் இழுத்து எடுப்பார். பின்முகத்தைக் கல்லில் படுக்கவைத்து நான் பார்த்ததே இல்லை.

மட்டக்கோல்

கல்லையே மட்டம் செய்ய விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. ஒரு கல்லை இன்னொரு கல்லின்மேல் தண்ணீரும் மணலும் விட்டுத் தேய்த்தால் இரண்டும் மட்டமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும் என்பது மட்டுமே உறுதி. ஒன்று மேடாகவும் மற்றொன்று அதற்கேற்ற குழியாகவும் பொருந்தினாலும் இடைவெளி தெரியாது. மூன்றாவதாக ஒரு கல்லைச் சேர்த்து, முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை முதலாவதோடும் மாற்றி மாற்றித் தேய்த்தால் மேடும் குழியும் தொடர்ந்து பொருந்த இயலாது. மூன்றும் மட்டமாவதைத் தவிர வேறு வழியில்லை. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கிளாஸ்கோ கூட்டத்தில் உலோகப் பரப்புகளை மட்டமாக்குவது குறித்துப் படித்த கட்டுரை இந்தத் தத்துவத்தின் மேல் நிற்பது. உலோகத்தில் அவர் தேய்ப்பதற்குப் பதிலாகச் சுரண்டச் சொன்னார். மூன்றைக் கொண்டு சரிபார்க்கும் கணக்கு ஒன்றே.

வீட்டுத் தேவைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். மட்டமான கடப்பாக் கல் துண்டின்மேல் கரடுமுரடான வாட்டர் பேப்பரை விரித்து, சாணைக்கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுத் தேய்க்கவும். கோடுகள் எங்கே அழியாமல் நிற்கின்றனவோ அங்கே குழி இன்னும் இருக்கிறது. செயற்கைக் காரபோரண்டம் கல் என்றால் நேரம் பிடிக்கும். எட்வர்ட் அச்சிசன் 1891இல் மின் உலையில் கண்டெடுத்த அந்தப் பொருள், அதற்குமுன் நம் சாணைக்காரர்கள் நம்பியிருந்த குருந்தத்தையும்விடக் கடினமானது. சேலம், தர்மபுரிப் பகுதிகளில் கிடைத்த குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் வார்த்த வழக்கம் நம்மிடம் இருந்தது. அந்தச் சக்கரம் குழிந்தால் உருக்கி மறுபடியும் வார்த்துக்கொள்ள முடிந்திருக்கும். இன்றைய கல்லுக்கு அந்த வசதி இல்லை.

மூலைமட்டத்தையும் நம்பிவிடாமல் சோதித்துப் பாருங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு, பிறகு புரட்டிப்போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. பிரிந்தால், நீங்கள் காண்பது உண்மையான பிழையின் இரண்டு மடங்கு என்பதை நினைவில் வைத்துத் திருத்துங்கள். ரசமட்டத்தையும் இப்படியே முனை மாற்றி வைத்துச் சோதிக்கலாம்.

காரைக்குடிவாசி

ஐயா அனைவருக்கும் நன்றி. சரிவைத் தீட்டியபோது எஃகுப்பித்தன் அவர்கள் சொன்ன கோடு தெரிந்தது. சரிவை எத்தனை பாகையில் வைப்பது என்று தெரியவில்லை; என்னிடம் கோணமானி இல்லை. மேலும், தேக்கில் சில இடங்களில் இப்போதும் செதில் பெயர்கிறது. தகடும் சீக்கிரம் மழுங்குகிறது.

நாகர்கோவில் தச்சன்

கோணமானி வேண்டாம். தகட்டின் தடிமனை அளந்து, சரிவின் நீளத்தை அதைப்போல் இரண்டு மடங்காக வைத்தால் 30 பாகை கிடைத்துவிடும். தடிமன் நான்கு மில்லிமீட்டர் என்றால் சரிவு எட்டு. இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேலே போனால் 25 பாகை. கையால் தள்ளிச் சீவும் உளிகளுக்கு அது பொருந்தும், கொட்டாப்புளியால் அடித்துப் பொளி எடுக்கும் உளிக்கு 30க்குக் குறையக் கூடாது.

தகடு மழுங்குவதற்குத் தீட்டியது குறைதான் என்று எண்ண வேண்டாம். தேக்கின் உள்ளே சிலிகா இருக்கிறது, மணலில் உள்ள அதே பொருள். கூர்முனையை அது தேய்த்துக்கொண்டே இருக்கும். பழைய கதவுப் பலகை என்பதால் ஆணிகளும் தூசியும் வேறு. இழைப்பதற்கு முன் பலகையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, காந்தத்தை ஓடவிட்டு உடைந்த ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல தகட்டை அழுக்கான மேல்தோலில் ஓட்டாதீர்கள்; அதற்குச் சிறிய இழைப்புளியின் தகட்டைப் பலிகொடுக்கலாம்.

எஃகுப்பித்தன்

செதில் பெயர்வதற்கு மேல்தகட்டைப் பாருங்கள். தகட்டின்மேல் திருகாணியால் இறுக்கிய இரண்டாவது தகடு உங்களுடையதில் இருந்தால், அதன் முனையை வெட்டுமுனைக்கு மிக அருகில், கால் மில்லிமீட்டர் அளவிற்குக் கொண்டுவாருங்கள். எழும்பும் சீவலை அது உடனே மடக்கிவிடுவதால், சீவல் நெம்புகோலாக மாறி மரத்தை முன்கூட்டியே பிளக்க முடிவதில்லை. ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தில் காவாய், காட்டோ என்ற இரு பேராசிரியர்கள் இதை நுண்ணோக்கி வழியாகப் படம்பிடித்தே காட்டியிருக்கிறார்கள். ஒரு நிபந்தனை: மேல்தகடு தகட்டின் பின்முகத்தில் இடைவெளியின்றிப் படிய வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் சீவல் அங்கே புகுந்து சிக்கி, வாய் அடைத்துக்கொள்ளும். பின்முகத்தை மட்டமாக்கச் சொன்னதன் இன்னொரு பயன் இங்கே கிடைக்கிறது.

பட்டறைப்பையன்

ஆப்பு நழுவுகிறதென்றால் கடையில் புதுத்தகடு வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா? கேட்டு வைக்கிறேன், என்னிடமும் இதுபோல் ஒரு கட்டை இருக்கிறது.

நாகர்கோவில் தச்சன்

அவசரப்படாதீர்கள் தம்பி. பழைய தகடுகள் வெட்டுமுனையில் தடித்தும் மேலே போகப்போக மெலிந்தும் இருக்கும். அதற்கு ஏற்பவே ஆப்பையும் செதுக்கியிருப்பார்கள். ஒரே தடிமனுள்ள புதுத்தகட்டைப் போட்டால் அந்த ஆப்பு மேலே மட்டும் பிடித்து, வாயருகே பிடிக்காமல் விட்டுவிடும். இழைக்கும்போது தகடு அதிரும். தகட்டை மாற்றினால் ஆப்பையும் புதிதாகச் செதுக்க வேண்டும். ஆப்பின் முகத்தில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்து ஒருமுறை இறுக்கிக் கழற்றினால் எங்கே தொடுகிறது என்று தகட்டில் தெரியும். தொட்ட இடத்தை மட்டும் உளியால் சீவிக்கொண்டே வாருங்கள், ஆப்பின் கால்கள் இரண்டும் வாயருகே ஒருசேரப் பதியும் வரை.

காரைக்குடி ஐயாவுக்கு ஒன்று: வாய் இனியும் அகலமாகத் தோன்றினால், வாய்க்கு முன்னால் கால் அங்குல ஆழத்தில் அடியைக் குடைந்து, கனமான மரத்துண்டு ஒன்றை ஒட்டுப்போட்டு, பிறகு கட்டையோடு சேர்த்து மட்டம் எடுங்கள். சீவல் தடையின்றி நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி இருக்கட்டும். ஐப்பசி மழை முடிந்ததும் அடியை மறுபடியும் ஒருமுறை ரூல்தடி வைத்துப் பாருங்கள். ஈரம் குடித்த மரம் அதற்குள் அசைந்திருக்கும்.